ஸ்டெப்னியிடம் இல்லாத நகல்

முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் ஸ்டெப்னி. அந்த அலுவலகத்தில் அவருக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். வண்டியின் பின்னால் கிடக்கும் உபரிச் சக்கரத்தை டயர் வெடிக்கும்போது மட்டும்தானே நினைக்கிறோம், இந்த ஆளும் அந்த ரகம் என்று எவரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபப்படவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். பாவம், பெருமைப்பட வேறு அதிகம் இருக்கவில்லை.

கம்பெனிக்கு ஊர் ஊராகக் கிளைகள். ஒவ்வொரு கிளையும் வரும் வருடங்களில் எவ்வளவு விற்கும், எவ்வளவு செலவழிக்கும், தேறுமா தேறாதா என்று கணித்து உள்ளிடுவதற்கு ஒரு பெரிய மென்பொருள் இருந்தது. பிளானிங் என்பார்கள். எந்தக் கிளையை வளர்ப்பது, எதை மூடுவது, யாருக்கு உயர்வு, யாரை வீட்டுக்கு அனுப்புவது எல்லாமே அதில் தெரியும் எண்களைப் பார்த்துத்தான். இப்படிப்பட்ட அந்தரங்கத்தை வெளியே எவனுடைய கம்ப்யூட்டரிலோ வைக்க முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் தலைமை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலே இல்லாத குளிர்ந்த அறையில், சொந்தச் சர்வர்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதை வாராவாரம் நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது ஸ்டெப்னியின் வேலை.

நகலெடுப்பது என்றால் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போவது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மென்பொருளில் கிளைகளின் பெயர்கள் ஓரிடத்தில் இருந்தன, எண்கள் வேறோரிடத்தில் இருந்தன. எந்த எண் யாருடையது என்பது இரண்டையும் சேர்த்தால்தான் தெரியும். ஆகவே உள்ளே வேலை பார்க்கிற அத்தனை பேரையும் வெளியேற்றி, எல்லாவற்றையும் வரிசைப்படி நிறுத்தி, இரண்டையும் ஒரே மூச்சில் நகலெடுத்து, மறுபடி வரிசைப்படி கிளப்ப வேண்டும். சமையலறையில் மூடிகளை ஒரு நாளும் டப்பாக்களை வேறொரு நாளும் எடுத்து வைத்தால், நடுவில் எவராவது மாற்றி அடுக்கியிருந்தால், மிளகாய்த்தூள் மூடி சர்க்கரை டப்பாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் இதைத்தான் சொல்வார். அவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

வீட்டில் அவர் தனி ஆள். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்தது அவர்தான். அவளுக்கு முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார், தள்ளிப்போட்டதில் அது தள்ளியே போய்விட்டது. அதே கம்பெனியின் துறைமுகக் கிளையில் கணக்காளராக இருந்தவருக்கு அவரே பேசி முடித்துத் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். துறைமுக ஊர் ரொம்ப தூரம். வருடத்துக்கு ஒரு தடவை வருவார்கள், நாலு நாள் வீடு கலகலவென்று இருக்கும், பிறகு பழையபடி மின்விசிறிச் சத்தம்தான். அவர் குடியிருந்தது மாடியில். கீழ் வீடு காலியானபோது அதையும் தானே வாடகைக்கு எடுத்துப் பூட்டி வைத்தார். வீட்டுக்காரருக்கே ஆச்சரியம். தங்கை குடும்பம் வந்தால் இருக்கட்டும் என்றார். வருகிறாயா என்று தங்கையை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் பக்கத்தில் இருக்க எந்தத் தங்கைக்குத்தான் கசக்கும் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றும்படி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்த மாப்பிள்ளைக்கோ இவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"உங்க வேலை சுகம் மச்சான். அடுத்தவன் எழுதினத அப்படியே எடுத்து வச்சுக்கணும். பரீட்சையில பண்ணினா வெளிய தள்ளுவான், உங்களுக்கு மட்டும் சம்பளம் குடுக்குறான்."

தங்கை சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளே என்று இவரும் சிரிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நிதி இயக்குநராகப் புதிதாக ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். மேடம் என்றால் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாமலே ஆளைக் கூறு போடுவார். வந்த வாரமே அவர் பிளானிங்கில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது, பேக்கப் நடப்பதால் வெளியேறவும் என்று திரையில் செய்தி வந்து அவரை வெளியே தள்ளிவிட்டது. ஸ்டெப்னியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னை வெளிய தள்ளினது நீங்களா?"

"பேக்கப் மேடம். எல்லாத்தையும் நிறுத்தினாத்தான் எடுக்க முடியும்."

"இனிமே நிறுத்தக் கூடாது. ஓடுறப்பவே எடுங்க."

"ஓடுறப்ப ரெண்டையும் சேத்து எடுத்தா சிஸ்டம் ஸ்லோ ஆயிடும் மேடம்."

"அப்ப ஒண்ண ஒரு நாள், இன்னொண்ண ஒரு நாள் எடுங்க. இதையும் நானே சொல்லணுமா?"

அப்படி எடுத்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மேடம் மேசைமேல் இருந்த ஒரு தாளை நகர்த்தினார். "உங்க தங்கச்சி புருஷனுக்கு மாறுதல் கேட்டிருக்கீங்கபோல. பாக்கலாம்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. வேறு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது, அதனால் சொல்லவில்லை. அன்றிலிருந்து திங்கட்கிழமை பெயர்கள், வியாழக்கிழமை எண்கள் என்று ஆனது. முதல் சில வாரங்கள் மனசு உறுத்தியது. பிறகு அதுவும் பழகிவிட்டது, மனிதனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது.

இயக்குநர் குழு கூடுவதற்கு முந்தைய நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகலில் சர்வரின் ஹார்ட் டிஸ்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. பிளானிங் படுத்துவிட்டது. அலுவலகமே கையைப் பிசைந்துகொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தது. சார் எங்கே, சார் எங்கே என்று எல்லார் வாயிலும் சார்தான். இத்தனை பேர் தன்னைத் தேடி வந்ததை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மேடம் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

"கடைசியா எடுத்தது எதுவோ அதைப் போடுங்க."

கடைசியாக எடுத்த எண்கள் போன வியாழனுடையவை. கடைசியாக எடுத்த பெயர்கள் நேற்றுத் திங்களுடையவை. நடுவில் யாராவது கிளைகளை மாற்றி அடுக்கினீர்களா என்று பிளானிங் பிரிவில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவருக்கு அது தெரியாமல் இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கேட்டால் என்ன சந்தேகம், ஏன் சந்தேகம் என்று பேச்சு வளரும். மேடத்தின் முகம் சுளிக்கும். சுற்றி நிற்கிற கூட்டம் பழையபடி ஸ்டெப்னி என்று நினைக்கும். அவர் கேட்கவில்லை. இரண்டையும் போட்டுச் சேர்த்துக் கிளப்பினார்.

சனிக்கிழமைதான் பிளானிங் பிரிவில் மண்டலங்களைப் பிரித்துக் கிளைகளை இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். துறைமுகக் கிளை இருந்த இடத்துக்கு மலையடிக் கிளை வந்தது, மலையடி இருந்த இடத்துக்குத் துறைமுகம் போனது. இப்போது பெயர்கள் புது வரிசையில், எண்கள் பழைய வரிசையில். மலையடிக் கிளைக்கு மூன்று வருடமும் நஷ்டம் என்று அந்தக் கிளைக்காரர்களே கணித்திருந்தார்கள். அந்த நஷ்டம் முழுவதும் துறைமுகத்தின் பெயரில் வந்து உட்கார்ந்தது, துறைமுகத்தின் லாபம் மலையடிக்குப் போனது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மேடம் சரிபார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். "மொத்தம் வாசிங்க" என்றார். வாசித்தார்கள். போன வாரத்து மொத்தத்தோடு பைசா பிசகாமல் இருந்தது. இருக்காமல் என்ன செய்யும், எண்கள் எல்லாம் உள்ளேதானே இருந்தன. கைதட்டினார்கள். வழக்கமாக அவரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிற ஒருவர் வந்து கைகுலுக்கினார். மேடம் போகும்போது, "உங்க மாப்பிள்ளை விஷயம் ஞாபகத்துல இருக்கு" என்றார். அன்று மாலை ஸ்டெப்னி கீழ் வீட்டைத் திறந்து தரையைக் கழுவிவிட்டார்.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, எங்க கிளைய மூடுறாங்களாம். எல்லாருக்கும் லெட்டர் குடுத்துட்டாங்க."

போனை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அவர் குரலில் அன்றைக்குக் கிண்டல் இல்லை. "மச்சான், வர்ற வருஷம் நஷ்டம்னு சிஸ்டத்துல இருக்காம். கணிப்பைப் போட்டதே நான்தானே. லாபம்தான் போட்டேன். கேட்டா, மூடப்போற கிளைக்காரன் எல்லாரும் இதைத்தான் சொல்றான்னு சிரிக்கிறாங்க. நாப்பது பேரு மச்சான். என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

ஸ்டெப்னி அன்றே இரண்டாவது மாடிக்கு ஏறினார். ஓரமாகக் கிடந்த ஒரு பழைய சர்வரில், அதற்கு முந்தைய திங்கட்கிழமைப் பெயர்களையும் அதே வியாழக்கிழமை எண்களையும் சேர்த்து ஏற்றிப் பார்த்தார். துறைமுகம் லாபத்தில் இருந்தது. வெகுநேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடத்திடம் போனார். உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மூடச் சொல்லி முடிவெடுத்தது போர்டு. லெட்டர் போயாச்சு. இடத்தைக் கேட்டு ஆளும் வந்தாச்சு. இப்போ நான் போய், தப்பான கிளைய மூடிட்டோம்னு சொல்லவா?"

"நாப்பது பேரு மேடம்."

"மலையடியில மட்டும் மரமா வேலை பாக்குது? அங்கயும் நாப்பது பேருதான். யாராவது நாப்பது பேரு போகத்தான் போறாங்க. எந்த நாப்பதுங்கறதுதான் உங்க கவலையா?"

எந்த நாற்பது என்பதுதான் அவர் கவலை, அது மேடத்துக்கும் தெரிந்திருந்தது.

"நிறுத்தாம எடுங்கன்னு நான் சொன்னேன். எடுத்தா தப்பாகும்னு நீங்க சொல்லல. விசாரணை வந்தா ரெண்டு பேரும்தான் போவோம். எனக்கு வேற இடம் கிடைக்கும். உங்க வயசுக்கு உங்களுக்கு யாரு குடுப்பா?" அந்த மாறுதல் மனுவை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க மாப்பிள்ளைய மட்டும் இங்க எடுத்துக்கறேன். மத்தவங்களுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. பழைய நகல் எதுவும் இருக்கக் கூடாது. ஒண்ணுகூட. யோசிக்க நேரம் வேணுமா?"

"வேணாம் மேடம்" என்றார் ஸ்டெப்னி.

வேண்டாம் என்றாராம். நாற்பது பேரில் ஒருவரை எடுத்துக்கொண்டு மீதி அத்தனை பேரையும் தண்ணீர் தெளித்துவிட அந்த மனிதருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. திட்டுவதானால் இந்த இடத்தில் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் அன்று மதியம் அவர் அந்த அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாரமாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த நகல்களை ஒவ்வொன்றாக அழித்தபோது தேம்பித் தேம்பி அழுதார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்தையும் விட்டுவைக்கவில்லை, பழைய சர்வரில் ஏற்றிப் பார்த்ததையும்கூட. அழிப்பதிலும் அவர் கெட்டிக்காரர்தான்.

தங்கை குடும்பம் வந்து இறங்கியது. கீழ் வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்தால் சுடச்சுடச் சாப்பாடு. ஒரு மாதம் அவர் கால் தரையில் பாவவில்லை.

மாப்பிள்ளைதான் சரியில்லை. அவரைப் பிளானிங் பிரிவிலேயே போட்டிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து பழைய ஆட்கள் போன் செய்தபடி இருந்தார்கள். லாரி எடை பார்க்கிற ஆளின் மனைவிக்கு வைத்தியம் பாதியில் நின்றுவிட்டதாம். கிளார்க் வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாராம். நீங்க மட்டும் எப்படி சார் தப்பிச்சீங்க என்று ஒருவர் கேட்டே விட்டார். மாப்பிள்ளைக்கு வாய் நீளமே தவிர மனசில் கள்ளம் கிடையாது. அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. எண்களை நோண்டத் தொடங்கினார். துறைமுகத்தின் பெயரில் இருக்கும் எண்ணில் ஒன்றுகூடத் தான் போட்டது இல்லை என்று கண்டுபிடித்தார். மென்பொருள் ஒருமுறை படுத்து எழுந்தது என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பேச்சை எடுத்தார்.

"மச்சான், சிஸ்டம் படுக்கறதுக்கு முன்னாடி எடுத்த நகல் ஒண்ணு வேணும். ஒண்ணு போதும். எங்க கிளைக்கு நான் போட்டது லாபம்னு அதுல இருக்கும். ஆடிட்டர்கிட்ட நேரா கொண்டுபோய் வைக்கிறேன். அந்த ஆளுங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

ஸ்டெப்னி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இல்ல மாப்பிள."

"இல்லன்னா? உங்ககிட்ட இல்லாத நகலா? நான் எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன், மனசுல வச்சுக்காதீங்க. இதுல மட்டும் உங்கள விட்டா எனக்கு ஆள் இல்ல."

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளை அவரை மதித்துப் பேசினார். தங்கை கரண்டியை வைத்துவிட்டு அண்ணனையே பார்த்தாள். அழித்துவிட்டேன் என்று சொன்னால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால், எந்த விலைக்கு இந்த வேலை கிடைத்தது என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த மனுஷன் நாளைக்கே வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குடும்பத்தோடு தெருவில் நிற்பார்.

"எடுக்கல" என்றார் ஸ்டெப்னி.

"என்ன எடுக்கல?"

"நகல் எடுக்கல. சில மாசமா ஒழுங்கா எடுக்கவே இல்ல. அன்னைக்குப் போட்டதுகூட கைக்குக் கிடைச்ச அரைகுறைதான். சோம்பேறித்தனம். விட்டுட்டேன்."

மாப்பிள்ளை கையை உதறிவிட்டு எழுந்தார். "உங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை மச்சான்" என்றார். கை கழுவப் போனார்.

சும்மா இருந்துவிடுகிற ஆளாக அவர் இல்லை. மறுநாளே புகார் எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் நகலெடுக்காததால் துறைமுகக் கிளையின் உண்மைக் கணிப்பு அழிந்துபோனது, நாற்பது குடும்பங்களுக்கு இதுதான் கதி, பொறுப்பானவர் என் மைத்துனராக இருந்தாலும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார். மேடம் அதைப் படித்து மிகவும் வருத்தப்பட்டார். விசாரணை வைத்தார். நகல்கள் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார் ஸ்டெப்னி. எடுத்தீர்களா என்றார்கள். எடுக்கவில்லை, அன்று போட்டது அரைகுறை என்றார். அரை மணியில் எல்லாம் முடிந்தது. வேலையிலிருந்து நீக்கியாயிற்று, ஓய்வு பெறும்போது வர வேண்டியது எதுவும் கிடையாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். துறைமுகக் கிளை மூடியது மூடியதாகவே இருந்தது, ஆதாரம்தான் இல்லையே.

மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "உங்க மாப்பிள்ளை ரொம்ப நேர்மையானவர். அவரை நான் விட மாட்டேன். கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று சொல்ல அந்த அம்மாளுக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ. ஸ்டெப்னி நன்றி மேடம் என்றார். அதைச் சொல்ல இவருக்கும் நாக்கு வந்தது.

அதற்குப் பிறகு கீழ் வீட்டிலிருந்து சாப்பாடு மாடிக்கு வந்தது, ஆனால் படியில் வைத்துவிட்டுப் போனாள் தங்கை. மாப்பிள்ளை எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவார். சில வாரங்கள் இப்படிக் கழிந்தன. ஒரு நாள் காலையில் தங்கை தட்டோடு வந்தபோது ஸ்டெப்னி படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவளால் வைத்துவிட்டு ஓட முடியவில்லை.

"நாங்க வேற வீடு பாத்துட்டோம்ணா" என்றாள்.

"எதுக்கும்மா? இந்த வீட்டை உங்களுக்குன்னுதானே எடுத்து வச்சேன்."

"அவருக்கு இங்க இருக்கப் பிடிக்கல. எனக்கும்தான்." தட்டை அவர் பக்கத்தில் வைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் எப்பண்ணா இங்க வரணும்னு சொன்னேன்? அங்க எனக்கு எல்லாம் இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க, கடை, பிள்ளைக்கு ஸ்கூல், காத்து. நீ உன் வேலைய ஒழுங்கா பாத்திருந்தா நாங்க அங்கயே நல்லா இருந்திருப்போம்."

"ஆமாம்மா" என்றார் அவர்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள், வேறு ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் இறங்கிப் போய்ச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள்.